மூட்டை பிரிக்கிற நாளில் போங்கள்

வாசகர் கேள்வி பதில்

பிலிப்பைன்ஸ் நாட்டில் ஊருக்கு ஊர் இருக்கும் பழைய துணிக் கடைகளை 'உகாய் உகாய்' என்பார்கள். ஜப்பான், கொரியா, அமெரிக்கா போன்ற நாடுகளில் உடுத்திக் கழித்த துணி மூட்டை மூட்டையாக வந்து இறங்கி, கம்பியில் தொங்கியும் மேசையில் குவிந்தும் விற்பனையாகிறது. போன இதழில் அதைப் பற்றி ஒரு சின்னக் குறிப்பு போட்டிருந்தோம். அதற்குக் கொங்குப் பக்கத்திலிருந்துதான் கடிதங்கள் அதிகம். பனியன் ஊர்க்காரர்களுக்குத் துணி என்றால் சும்மா விட மனசு வராது. பிள்ளைகளை அங்கே மருத்துவம் படிக்க அனுப்பிய வீடுகளும் இங்கே பல. வந்தவற்றில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

எம் பொண்ணு தாவோ நகரத்துல மருத்துவம் படிக்கப் போறாளுங்க. "துணிமணி நிறைய மூட்டை கட்டாதே, அங்க பழைய துணிக் கடையிலயே வாங்கிக்கலாம்"னு சீனியர் புள்ளைங்க சொல்றாங்களாம். நம்பிப் போலாமுங்களா? எப்பப் போனா நல்லது கிடைக்கும்?
வாசகி, காங்கேயம்

போகலாம் அம்மா. உள்ளாடை, சாக்ஸ், நீச்சலுடை மூன்றும் மட்டும் புதிதாகவே இருக்கட்டும். அந்தக் கடைகளில் அவையும் குவிந்துதான் கிடக்கும், மகள் கை வைக்க வேண்டாம். ஜீன்ஸ், சட்டை, டீ-ஷர்ட், ஸ்வெட்டர், மேல்கோட்டு ஆகியவற்றுக்குத் தாராளமாகப் போகலாம்.

எப்போது போவது என்பது மூட்டை பிரிக்கும் நாளைப் பொறுத்தது. ஒவ்வொரு கடைக்கும் ஒரு நாள் உண்டு. 'நியூ அரைவல்' என்று வாசலில் அட்டை தொங்கும், இல்லாவிட்டால் கேட்டால் சொல்வார்கள். முதல் நாள் விலை உச்சத்தில் இருக்கும், ஆனால் நல்ல உருப்படியெல்லாம் அன்றைக்கே போய்விடும். நாள் ஆக ஆக விலை இறங்கும். அடுத்த மூட்டை வருவதற்கு முன் மீதத்தைக் குவியலாகப் போட்டு, எதை எடுத்தாலும் ஒரே விலை என்று தள்ளிவிடுவார்கள். நல்ல ஜாக்கெட், கோட்டு தேடுகிறவர் முதல் நாள் கடை திறக்கும்போதே நிற்க வேண்டும். ஹாஸ்டலில் போட்டு அடிக்க நாலு டீ-ஷர்ட் போதும் என்றால் கடைசி நாட்களில் போனால் லாபம். அங்கே சம்பளம் பெரும்பாலும் 15-ஆம் தேதியும் மாதக் கடைசியும் வரும். அந்த இரண்டு நாட்களையும் அதை ஒட்டிய சனி, ஞாயிறையும் தவிர்த்துவிட்டால் நின்று நிதானமாகப் பார்க்கலாம். செப்டம்பரிலேயே கிறிஸ்துமஸ் களை கட்டிவிடும் நாடு அது. டிசம்பர் கூட்டத்தில் கால் வைக்க இடம் இருக்காது.

ஒரு பெசோ நம் பணத்தில் சுமார் ஒன்றரை ரூபாய். குவியலில் 20 முதல் 50 பெசோ, கம்பியில் தொங்குவது 100, 200, பொறுக்கி எடுத்து அயர்ன் போட்டு வைத்திருக்கும் கடையில் அதற்கு மேல். தாவோவில் ரோஹாஸ் அவென்யூ இரவுச் சந்தையில் சாப்பாட்டுக் கடைகளோடு பழைய துணியும் உண்டு. மணிலாப் பக்கம் போனால் குபாவ், அனோனாஸ் பகுதிகளில் வரிசையாகக் கடைகள்.

பேரம் பேசுவதில் நம்மூர் முறை அங்கே எடுபடாது. பாதி விலையில் ஆரம்பித்தால் முகம் சுளிப்பார்கள். மூன்று நான்கு உருப்படி சேர்த்து எடுத்துக்கொண்டு, விற்பவர் பெண்ணானால் 'ஆத்தே', ஆணானால் 'குயா' என்று கூப்பிட்டு, "மாய் தவாட் பா போ?" என்று சிரித்துக் கேட்டால் போதும். இன்னும் குறைப்பீர்களா என்று மரியாதையாகக் கேட்பது அது. பத்து இருபது பெசோவாவது இறங்கும். விலை அச்சிட்ட அட்டை தொங்கும் கடையில் கேட்கவே வேண்டாம். ஒரே கடைக்குத் திரும்பத் திரும்பப் போனால் 'சூகி' ஆகிவிடலாம், அதாவது வாடிக்கைக்காரர். அப்புறம் மூட்டை பிரிக்கும் நாளை அவர்களே செய்தி அனுப்பிச் சொல்வார்கள்.

பல கடைகளில் உடுத்திப் பார்க்க அறை இருக்காது. உடம்போடு ஒட்டிய பனியனும் லெக்கிங்ஸும் போட்டுக்கொண்டு போனால் மேலேயே மாட்டிப் பார்க்கலாம். சில்லறையாக 20, 50, 100 பெசோ வேண்டும். வாசலில் பையை வாங்கி வைக்கும் கடைகளும் உண்டு, அதனால் பாஸ்போர்ட்டைப் பையில் போட்டு எடுத்துப் போகக் கூடாது. வாங்கியதைத் திருப்பித் தருகிற பேச்சே கிடையாது.

பனியன் கம்பெனியில செக்கிங் பாக்கறனுங்க. தம்பி செபுவுக்கு வேலைக்குப் போறான். புதுப் பீஸ் செக் பண்றது எனக்குத் தெரியும். பழைய துணிய எப்படிப் பாக்கறதுன்னு அவனுக்குச் சொல்லணும்.
வாசகி, பல்லடம்

உங்கள் கண்ணும் கையும் பாதி வேலையை ஏற்கெனவே கற்றவை. வித்தியாசம் ஒன்றுதான். புதுப் பீஸில் தப்பு எங்கே வேண்டுமானாலும் இருக்கும், தையலிலும் துணியிலும் தேட வேண்டும். பழைய பீஸில் தப்பு உடம்பு உரசிய இடத்தில்தான் இருக்கும். அதனால் தம்பி முழுத் துணியையும் பார்க்க வேண்டியதில்லை, ஏழெட்டு இடம் பார்த்தால் போதும்.

முதலில் மூக்கு. அக்குள் பகுதியைப் புரட்டி முகர வேண்டும். மூட்டைக்குள் நாள்பட்டுக் கிடந்த வாசமும் அந்துருண்டை வாசமும் வெயிலிலும் துவைப்பிலும் போய்விடும். பூஞ்சை வாடையோடு கறுப்புப் புள்ளிகளும் இருந்தால் வைத்துவிடலாம், புள்ளி போகாது. பாலியஸ்டர் துணியில் ஏறிய வியர்வை நாற்றமும் லேசில் போகாது. பாலியஸ்டர் தண்ணீரை உறிஞ்சாது, உடம்பின் எண்ணெய்ப் பிசுக்கை விடாது. துவைத்தபின் போனதுபோல் இருந்து, உடம்புச் சூடு பட்டதும் திரும்பி வரும். காட்டனில் அந்தத் தொல்லை குறைவு.

அடுத்து வெளிச்சம். கடைக்குள் மஞ்சள் விளக்கு எரியும், கறையை அது மறைத்துவிடும். வாசல் பக்கம் எடுத்துப் போய், இல்லையென்றால் போன் டார்ச்சைத் துணிக்குள் விட்டுப் பார்க்க வேண்டும். டீ-ஷர்ட்டில் தொப்புளுக்கு நேராக ஊசி முனை அளவில் இரண்டு மூன்று ஓட்டை இருக்கும். ஜீன்ஸ் பட்டனும் பெல்ட் பக்கிளும் உரசி வருவது அது. பின்னலாடையில் ஓட்டை நிற்காது, கண்ணி பிரிந்து ஓடும் என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஜீன்ஸில் தொடை இடுக்கை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் தேய்ந்திருப்பது வலைபோலத் தெரியும். நாலு மாதத்தில் கிழியும்.

கழுத்துப் பட்டியின் உட்புறம் எண்ணெய்ப் பழுப்பு இருந்தால் பயப்பட வேண்டாம். பாத்திரம் தேய்க்கும் லிக்விட் இரண்டு சொட்டு விட்டு, பத்து நிமிடம் ஊறவைத்துத் தேய்த்தால் பெரும்பாலும் போகும். அக்குளில் மஞ்சள் படிந்து துணியே விறைப்பாக இருந்தால் அது வேறு. வியர்வை வராமல் தடுக்கும் மருந்திலுள்ள அலுமினிய உப்பும் வியர்வையும் சேர்ந்து படிந்தது. பிளீச் போட்டால் மஞ்சள் கூடும்.

இடுப்பு எலாஸ்டிக்கை ஒன்றரை மடங்கு இழுத்து விட வேண்டும். சரக் என்று பொடியும் சத்தம் கேட்டால் ரப்பர் செத்துவிட்டது. பட்டிக்குள் கோத்த எலாஸ்டிக் என்றால் புதிது மாற்றலாம். துணியிலேயே கலந்திருக்கும் லைக்ரா செத்திருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. ஜீன்ஸின் முட்டிப் பக்கம் அலை அலையாக நெளிந்திருப்பதுதான் அதற்கு அடையாளம். ஜிப்பை மூன்று முறை ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். இறுக்கமாக ஓடினால் மெழுகுவர்த்தி தேய்த்தால் சரியாகும். பூட்டிய பின் நடுவில் பிளந்தால் ஸ்லைடரைக் குறடால் லேசாக அழுத்தலாம். பல்லே விழுந்திருந்தால் ஜிப் முழுதும் மாற்ற வேண்டும், அந்தக் கூலியையும் விலையோடு கூட்டிக்கொள்ள வேண்டும்.

பழைய துணியில் ஒரு வசதி உண்டு. சுருங்க வேண்டியது சுருங்கி, முறுக்க வேண்டியது முறுக்கி முடிந்திருக்கும். பக்கத் தையல் முன்பக்கம் திரும்பி வந்திருக்கிறதா, நீளம் குறைந்திருக்கிறதா என்பதெல்லாம் கண்ணுக்கு நேராகத் தெரியும். புதுப் பீஸில் இதற்கெல்லாம் பரிசோதனைக் கூடத்தில் துவைத்துப் பார்த்துத்தானே சொல்கிறீர்கள்.

லேபிள்ல 95, 66, எல்.எல்., 3 எல்.னு என்னென்னமோ போட்டிருக்கு. எந்த அளவை நம்பறதுங்க?
மாணவர் ஒருவரின் தந்தை, பொள்ளாச்சி

எதையும் நம்ப வேண்டாம். கொரியச் சட்டையில் 95, 100 என்றால் மார்புச் சுற்றளவு, சென்டிமீட்டரில். 95 என்பது சுமார் 37½ அங்குலம், 100 என்பது 39½. கொரியப் பெண்கள் உடையில் 44, 55, 66, 77 என்பது வேறு கணக்கு. 55 சின்ன உடம்புக்கு, 66 நடுத்தரத்துக்கு. ஜப்பானில் எல்லுக்கு அடுத்தது எல்.எல்., அப்புறம் 3 எல். ஜப்பான் 'எம்' அமெரிக்க 'எம்'மைவிடச் சிறியது. கால்சட்டையில் 76 என்று இருந்தால் 30 அங்குல இடுப்பு, 81 என்றால் 32, 86 என்றால் 34. இதெல்லாம் தைத்த அன்றைய அளவு. உலர்த்தும் எந்திரத்தில் எத்தனை முறை சுற்றி எவ்வளவு சுருங்கியதோ, லேபிளுக்குத் தெரியாது.

மகனிடம் ஓர் இஞ்சு டேப் கொடுத்துவிடுங்கள். வீட்டில் அவருக்குக் கச்சிதமாக இருக்கும் சட்டையைத் தரையில் விரித்து அக்குளிலிருந்து அக்குள் வரை, தோள் தையலிலிருந்து தோள் தையல் வரை, கழுத்திலிருந்து கீழ்மடிப்பு வரை அளந்து போனில் குறித்துக்கொள்ளட்டும். அக்குள் அளவு 20 என்றால் சுற்றளவு 40. சட்டைக்கு உடம்பைவிட 4 அங்குலம் கூடுதல் வேண்டும், டீ-ஷர்ட்டுக்கு 2 போதும். பேன்ட்டுக்கு இடுப்பு, உள்தொடை நீளம், இடுக்கிலிருந்து முன் இடுப்புப் பட்டி வரை, இந்த மூன்றும் முக்கியம். மூன்றாவதைப் பலரும் அளப்பதில்லை, உட்கார்ந்தால்தான் தெரியும். டேப் இல்லாத நேரத்தில் பேன்ட் பட்டனைப் போட்டு, இடுப்புப் பட்டியைக் கழுத்தைச் சுற்றிப் பிடித்தால் இரண்டு முனையும் பின்னால் தொட வேண்டும். குத்துமதிப்புதான், ஆனால் அங்கே எல்லாரும் செய்வது.

ஊர் பேர் தெரியாதவங்க போட்ட துணி. சொறி, சிரங்கு, படர்தாமரை ஒட்டிக்காதுங்களா? டெட்டால் போட்டு அலசினா போதுமா?
வாசகி, கோபிசெட்டிபாளையம்

டெட்டாலை நம்பி இருக்க வேண்டாம். சூடும் நாளும்தான் இதற்கு மருந்து.

சிரங்குப் பூச்சி மனிதத் தோலை விட்டு வந்தால் இரண்டு மூன்று நாட்களுக்கு மேல் பிழைப்பது அரிது. உடம்புப் பேன் ஒரு வாரம் தாங்கும், அதன் முட்டை இன்னும் சில நாள் தாங்கும். அதனால் வாங்கி வந்ததைக் கட்டிலில் போடாமல், பிளாஸ்டிக் பையில் காற்றுப் போகாமல் கட்டி இரண்டு வாரம் வைத்தாலே இந்த இரண்டும் முடிந்தது. மூட்டைப்பூச்சி மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும், படர்தாமரைக் கிருமியின் வித்தும் நாள்பட நிற்கும். அவற்றுக்குச் சூடு வேண்டும்.

சட்டை, பேன்ட் பாக்கெட்டுகளைத் துழாவும்போது விரலைச் சட்டென்று விடக் கூடாது. குண்டூசி, ஊக்கு இருக்கும். வெளியே வைத்து உதறியபின், கொதிக்கும் தண்ணீர் ஒரு பங்கும் குழாய்த் தண்ணீர் ஒரு பங்கும் கலந்தால் ஏறக்குறைய 60 டிகிரி வரும். அதில் சோப்புத் தூள் கரைத்து, மூடி போட்டு அரை மணி நேரம் ஊறவைத்து, வழக்கம்போல் துவைக்கலாம். காட்டன், பாலியஸ்டருக்கு இது சரி. முதல் தடவை எதையும் எதோடும் சேர்க்காதீர்கள், சாயம் ஏறும். ஹாஸ்டலில் சுடுதண்ணீருக்கு வழி இல்லாவிட்டால், அங்கே தெருவுக்குத் தெரு கிலோக் கணக்கில் துவைத்துத் தரும் லாண்ட்ரி உண்டு. உலர்த்தும் எந்திரத்தில் அதிகச் சூட்டில் 30 நிமிடம் ஓட்டச் சொன்னால் மூட்டைப்பூச்சி முட்டையோடு போகும். ஜூன் முதல் நவம்பர் வரை அங்கே பல இடங்களில் மழை பிடித்துக்கொள்ளும், வெயிலை நம்ப முடியாது.

கம்பளி, பட்டு இரண்டுக்கும் சுடுதண்ணீர் ஆகாது, கம்பளி சுருங்கிக் கட்டியாகிவிடும். பையில் கட்டி வைத்துவிட்டு டிரை கிளீனிங் கொடுப்பதுதான் வழி. பூஞ்சை வாசத்துக்கு 4 பங்கு தண்ணீரில் 1 பங்கு வெள்ளை வினிகர் கலந்து அரை மணி நேரம் ஊறவிட்டுப் பிறகு சோப்பில் அலசலாம். வினிகரையும் பிளீச்சையும் மட்டும் ஒரே வாளியில் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும்.

நம்மூருக்குக் கொண்டுவந்து போர்த் தண்ணீரில் துவைத்தால் உப்புக்குச் சோப்பு நுரைக்காது, துணி வெளுத்து விறைத்துப் போகும். தூளைக் கொஞ்சம் கூட்டுங்கள், கடைசி அலசலையாவது ஆற்றுத் தண்ணீரில் வையுங்கள்.

செத்தவங்க துணியா இருக்குமோன்னு எங்க அப்பச்சி வேண்டாங்கறாரு.
வாசகர், தாராபுரம்

இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அந்த நாட்டுப் பெரியவர்களும் இதே பேச்சைப் பேசுவார்கள். வெளிநாட்டு வீடுகளில் அலமாரியைக் காலி செய்யும்போது நன்கொடைப் பெட்டியில் போட்டது எல்லாம் கலந்துதான் மூட்டையாகிறது, யாருடையது என்று பிரித்துச் சொல்ல வழியே கிடையாது. அப்பச்சிக்கு மனசு ஒப்பவில்லை என்றால் அவருக்கு வாங்காதீர்கள்.

ஷூ, தோல் பை, தோல் ஜாக்கெட் எல்லாம் அங்க அடிமாட்டு விலைன்னு கேள்விப்பட்டேன். வாங்கலாமா?
வாசகர், கோவை சிங்காநல்லூர்

இங்கேதான் அதிகம் ஏமாறுவார்கள். ஷூவின் மேல்பாகம் புத்தம் புதிதாகப் பளபளக்கும். வாங்கிப் போட்டு நடந்தால் அன்றைக்கே அடி பிளந்து பொடிப் பொடியாக உதிரும். காரணம், பல ஷூக்களின் நடு அடிப்பாகம் பாலியூரித்தேன். காற்றிலுள்ள ஈரத்தோடு வினைபுரிந்து வருடக்கணக்கில் தானாகவே சிதையும் பொருள் அது. போடாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் சிதையும். கடையிலேயே அடிப்பக்கத்தைக் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள், ஷூவை நடுவில் வளைத்துப் பாருங்கள். பிசுபிசுப்பு, விரிசல், விரலில் பொடி, ஒன்று தெரிந்தாலும் விட்டுவிடலாம். ஈ.வி.ஏ. என்ற லேசான நுரை அடிப்பாகம் கொண்டவற்றில் இந்தச் சிதைவு கிடையாது. உள்ளே குதிகால் பள்ளம் ஒருவர் பாதத்துக்கே பதிந்திருந்தால் அதையும் விடுங்கள், முழங்கால் வலிக்கும்.

ஜாக்கெட்டும் அதே கதை. தோல்போலத் தெரிவதில் பாதி ரெக்சின். காலர் மடிப்பிலும் முழங்கையிலும் செதில் செதிலாக உரிய ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. மழைக்கோட்டின் உட்பூச்சு விரலில் ஒட்டினால் அதுவும் அவ்வளவுதான். நிஜத் தோலை வெட்டு முனையில் பாருங்கள். இழை இழையாகத் தெரியும், பின்பக்கம் துணி ஒட்டியிருக்காது. பைகளில் லைனிங்கைப் புரட்டி மூலைகளைப் பாருங்கள். பெரிய கம்பெனிப் பெயர் போட்ட பைகளில் போலி நிறையக் கலந்திருக்கும், பெயருக்காக ஒரு பெசோகூடக் கூட்டிக் கொடுக்க வேண்டாம்.

பாகியோவுக்குச் சுற்றுலா போறோம். குளிர் கோட்டு அங்கேயே வாங்கிக்கலாமா?
வாசகர், ராசிபுரம்

தாராளமாக. பாகியோ ஏறக்குறைய நம் ஏற்காடு உயரம், சுமார் 1,500 மீட்டர். அந்த நாட்டிலேயே கோட்டுக்கும் ஸ்வெட்டருக்கும் பேர் போன பழைய துணிச் சந்தை அங்கேதான். ஹாரிசன் சாலையில் இரவு 9 மணிக்குமேல் போக்குவரத்தை நிறுத்திவிட்டுக் கடை பரப்புவார்கள். பனி பெய்யும் நாட்டுக் கோட்டுகள் வெப்ப நாட்டில் இறங்குவதால் மலிவு.

பிளேசர் எடுக்கும்போது தோளை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கை நீளத்தை ஓரிரு அங்குலம் குறைக்கலாம், இடுப்பைப் பிடிக்கலாம், தோளைத் திருத்துவதற்குப் புதிதே தைத்துவிடலாம். மார்புப் பக்கம் கொப்புளம்போல் உப்பியிருந்தால் உள்ளே ஒட்டிய கேன்வாஸ் பிரிந்துவிட்டது, அயர்ன் போட்டாலும் படியாது. கம்பளியில் பூச்சி அரித்த ஓட்டை வெளிச்சத்தில் தெரியும். இறகு அடைத்த ஜாக்கெட்டில் இறகு ஓர் ஓரமாகக் கட்டி தட்டியிருந்தால் குளிர் தாங்காது.

மூட்டையாவே இறக்குமதி பண்ணி அவிநாசி ரோட்டுல கடை போடலாம்னு ஒரு யோசனைங்க.
வாசகர், அவிநாசி

வேண்டாமுங்க. உடுத்திய துணியை இந்தியாவுக்குள் இறக்குவது கட்டுப்படுத்தப்பட்ட இனம், உரிமம் இல்லாமல் துறைமுகத்தைத் தாண்டாது. குஜராத் காண்ட்லா சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் உரிமம் பெற்ற நிறுவனங்கள் இறக்கித் தரம் பிரித்து, பெரும்பகுதியை மறுபடி ஏற்றுமதி செய்கின்றன. கிழிசலாக வருவது அரியானா பானிப்பட்டில் நூலாகிப் போர்வையாகிறது. பிலிப்பைன்ஸிலேயே வணிகத்துக்காகப் பழைய துணி இறக்குவதை 1966-ஆம் ஆண்டின் குடியரசுச் சட்டம் 4653 தடை செய்கிறது. மக்கள் உடல்நலமும் நாட்டின் கௌரவமும் அந்தச் சட்டம் சொல்லும் காரணங்கள். அப்படியும் கடைகள் வெளிப்படையாக நடக்கின்றன, சுங்கத்துறை அவ்வப்போது கன்டெய்னரைப் பிடிக்கவும் செய்கிறது. வாங்கி உடுத்துகிறவருக்கு இதில் வில்லங்கம் இல்லை. மூட்டை வியாபாரத்தில் இறங்குகிறவருக்கு உண்டு. கட்டிய மூட்டையைப் பிரித்துப் பார்க்கவும் விட மாட்டார்கள், உள்ளே விற்கவே முடியாத சரக்கு எவ்வளவு என்பது பணம் கட்டிய பிறகுதான் தெரியும்.

பேஸ்புக் லைவ்ல விக்கிறாங்களாமே?
வாசகி, ஈரோடு

ஆமாம். விற்பவர் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டுவார், முதலில் 'மைன்', அதாவது என்னுடையது, என்று எழுதுகிறவருக்கு அது சொந்தம். எழுதிவிட்டுப் பணம் கட்டாதவரை 'ஜாய் மைனர்' என்று பேர் வைத்துத் திட்டுவார்கள், அடுத்த முறை சேர்க்கவும் மாட்டார்கள். எழுதுமுன் அக்குள் அளவும் 'இஷ்யூ' உண்டா என்பதும் கேட்க வேண்டும். கறை, ஓட்டை எல்லாவற்றுக்கும் அங்கே அதுதான் சொல்.

நம்ம பக்கம் ஏனுங்க இப்படிக் கடை வரலை? காதர்பேட்டையும் அது மாதிரிதானே?
வாசகர், கரூர்

காதர்பேட்டையில் விற்பது உடுத்தாத துணி. திருப்பூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் கிடைக்கும் அந்தச் சரக்கில் மூன்று வகை உண்டு. ஆர்டருக்கு மேல் கூடுதலாக வெட்டித் தைத்ததும் ரத்தான ஆர்டரும் சர்ப்ளஸ். சின்னக் குறையோடு செக்கிங்கில் கழிந்தது செகண்ட்ஸ். இரண்டும் கலந்து எடைக்கோ மொத்தமாகவோ வருவது லாட். கம்பெனி லேபிளை வெட்டியிருப்பார்கள், அது குறை அல்ல.

ஒரு வேலைநாள் கூலியில் புது டீ-ஷர்ட் இரண்டு மூன்று வாங்க முடிகிற ஊரில் யாரோ போட்ட டீ-ஷர்ட்டை எவர் வாங்குவார்? அதுதான் இங்கே அப்படிக் கடை வளராததற்குக் காரணம் என்பது எங்கள் கணிப்பு. வீட்டில் கழிவது பாத்திரக்காரரிடம் போய் எவர்சில்வர் கிண்ணமாகத் திரும்பி வருகிறது. அவரிடமிருந்து தரம் பிரிந்து, உடுத்த முடிந்தது சந்தைகளுக்கும், மற்றது ஒர்க் ஷாப் துடைப்புத் துணியாகவும் போகிறது. கட்டிங் வேஸ்ட்டோ கழிவுப் பஞ்சில் நூல் நூற்கும் ஓ.இ. மில்லில் மறுபடி நூலாகிறது.

காதர்பேட்டையில் பார்க்கும் முறை தலைகீழ். அந்தத் துணி இன்னும் தண்ணீரே பார்க்கவில்லை, குறை முதல் துவைப்புக்குப் பிறகுதான் வெளியே வரும். முழுக் காட்டன் பின்னலாடை என்றால் ஒரு சைஸ் பெரிதாக எடுங்கள். இரண்டு பக்கத் தையலையும் சேர்த்து மடித்துப் பிடித்தால் கீழ்மடிப்பு நேராக நிற்க வேண்டும், கோணினால் துவைத்ததும் முறுக்கும். கைக்கும் உடம்புக்கும் ஷேடு ஒன்றா என்று வெயிலில் பாருங்கள். பிரிண்ட்டை இழுத்துப் பார்த்தால் வெடிக்கக் கூடாது. தையலோரம் ஊசி ஓட்டை, மெஷின் ஆயில் கறை இருக்கிறதா என்றும் பாருங்கள். சைஸ் லேபிளில் எல் என்றிருந்தாலும் அளந்தே எடுங்கள், லேபிளை மாற்றித் தைத்ததாலேயே கழிந்த பீஸாகவும் இருக்கும். வெயில் காலத்துக்கு 160 முதல் 180 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) போதும், 220-க்கு மேல் போனால் மே மாதத்தில் போட முடியாது.

மக அங்க வேலையில இருக்கா. பேரனுக்குப் பழைய துணி வாங்கிப் போடலாமான்னு கேக்கறா. கைக்குழந்தைங்க.
வாசகி, உடுமலைப்பேட்டை

குழந்தைத் துணிதான் அங்கே இருப்பதிலேயே நல்ல சரக்கு அம்மா. மூன்று மாதத்தில் அளவு போதாமல் போவதால் தேய்வதற்கு நேரமே இருப்பதில்லை. அந்துருண்டை வாசம் அடிப்பதை மட்டும் எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அதிலுள்ள நாப்தலீன் கைக்குழந்தையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து மஞ்சள் காமாலையை உண்டாக்கும். ஜி-6-பி-டி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைக்கு ஆபத்து அதிகம். பெரியவர்கள் துணிக்கு வெயிலில் போட்டால் போகும் என்று மேலே சொன்னது கைக்குழந்தைக்குப் பொருந்தாது. கழுத்து நாடாவை உருவிவிட வேண்டும், பட்டன்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்க வேண்டும், ஆடினால் வெட்டிவிட்டுப் புதிதாகத் தைக்க வேண்டும். காலுறைகளை உட்புறம் திருப்பிப் பாருங்கள், உள்ளே தொங்கும் நூல் பிஞ்சு விரலைச் சுற்றிக்கொண்டு ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். பஞ்சு அடைத்த பொம்மை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம், உள்ளே இருப்பதைத் துவைக்க முடியாது.